அட்வான்ஸும் வேண்டாம், அசல் சான்றிதழும் வேண்டாம்

ஆத்தங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறார். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. மூத்த மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறார். இளையவள் இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். தமிழ் வழி, உயிரியலோடு கணக்கும் உள்ள குரூப். எட்டாவது வரை தனியார் மெட்ரிக் பள்ளி, ஒன்பதாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி. ரிசல்ட் மே மாதம் வரும். அதற்குள்ளாகவே கணவரின் நண்பர் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு படிப்புக்கு மேனேஜ்மெண்ட் சீட் பேசி முடித்திருக்கிறார். டொனேஷன் ஒன்றரை லட்சம், வருடக் கட்டணம் இரண்டு லட்சம். "ரிசல்ட் வந்தா ரேட் ஏறிடும்" என்று சொல்லி 10,000 ரூபாயை ஜிபேயில் வாங்கிவிட்டார். மீதியையும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் இந்த மாதக் கடைசிக்குள் கேட்கிறார்.

மகளோ வேதியியல் சம்பந்தமாகப் படிக்க வேண்டும் என்கிறாளாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியில் பி.டெக் இருப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "பேட்டரி படிப்பு பொம்பளப் பிள்ளைக்கு ஆகுமா, உள்ளூரிலேயே படிச்சா மதிப்பு இருக்குமா, 484 மார்க் வந்தா கட் ஆப் 161தானே, அதுக்கு என்ன கிடைக்கும், முதல் பட்டதாரிச் சலுகை எங்களுக்கு உண்டா, அவங்க அப்பாகிட்ட என்னன்னு சொல்றது" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ் ஒன்றைக்கூட யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், நாள் இருக்கிறது.

அந்த 10,000 ரூபாயும் அசல் சான்றிதழும்

அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அது சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரி எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மேனேஜ்மெண்ட் ஒதுக்கீட்டுக்கும் வரம்பு உண்டு. ஒன்றரை லட்சத்துக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. நாளை மகள் அங்கே சேராமல் போனால் திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

முறையாகக் கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்கிய பணத்துக்கு இந்த ஆபத்து இல்லை. சேர்க்கைக் கடைசி நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதிதான். அப்படியிருக்க ஒரு இடைத்தரகர் எதற்காக அசலைக் கேட்கிறார்? பிள்ளை வேறு எங்கும் போய்விடாமல் கட்டிப்போட. பத்தாம் வகுப்பு அசல் கையில் இல்லாமல் கவுன்சிலிங் சரிபார்ப்புக்கு அலைந்து, அதை மீட்பதற்காகவே மறுபடி பணம் கட்டிய குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றன.

ஜிபேயில் போனது ஒரு வகையில் நல்லது, தேதியோடு ஆதாரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகனுக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு அந்த நண்பருக்குச் சண்டை இல்லாமல், ஆனால் எழுத்தில், வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "அண்ணே, பாப்பாவை கவுன்சிலிங்கில் சேர்க்க முடிவு பண்ணிட்டோம். மேனேஜ்மெண்ட் சீட் வேண்டாம். நான் இன்ன தேதியில் அனுப்பிய 10,000 ரூபாயை இதே நம்பருக்குத் திருப்பி அனுப்பிடுங்க." போனில் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், எழுத்தில் போனால் நிற்கும். பணம் திரும்பி வராமலும் போகலாம். அப்படிப் போனாலும், போன 10,000-ஐ மீட்கிறேன் என்று இன்னும் 1,40,000 கொடுத்துவிடாதீர்கள்.

484-உம் 161-உம்

மொத்தம் 600-க்கு வாங்கியதை மூன்றால் வகுத்து 161 என்று போட்டிருக்கிறீர்கள். கணக்கு அப்படி இல்லை. பொறியியல் கட் ஆப் 200-க்கு. அதில் கணிதம் முழு 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. தமிழ், ஆங்கிலம், உயிரியல் மூன்றும் இதில் சேராது.

நீங்கள் எழுதியிருக்கும் திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். கணிதம் 85. இயற்பியல் 82, பாதி 41. வேதியியல் 91, பாதி 45.5. கூட்டினால் 171.5. நீங்கள் நினைத்திருந்ததைவிடப் பத்து அதிகம். தமிழில் 71, ஆங்கிலத்தில் 68 என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை இந்த இடத்தில் தேவையே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கணிதத்தில் ஒரு மார்க் என்றால் கட் ஆப்பில் ஒரு மார்க். இயற்பியலில் ஒரு மார்க் அரை மார்க்தான். ரிசல்ட் வந்ததும் கணிதம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் அடுத்து மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். அவகாசம் சில நாள்தான் இருக்கும். நகல் வந்ததும் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். விடையின் எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று அவருக்குத் தெரியும். நாம் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

எந்தச் சலுகை உங்களுக்கு, எது இல்லை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்த பெண்களுக்கும் விரிந்துவிட்டது என்றாலும் அதற்கும் ஆறாவதிலிருந்து கணக்கு. எட்டு வரை மெட்ரிக் என்பதால் அதுவும் இல்லை. வருத்தமாக இருக்கும், ஆனால் இதை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு ஜூலையில் ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

முதல் பட்டதாரிச் சலுகை, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கான கல்விக் கட்டணச் சலுகை, உண்டு. "சித்தப்பா பி.ஏ. படிச்சிருக்காரு, அதனால கிடைக்காதுன்னு சொன்னாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். பார்ப்பது அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் இவர்களை மட்டும்தான். சித்தப்பா, மாமா, பெரியம்மா யாரும் வரமாட்டார்கள். மூத்த மகன் முடித்தது டிப்ளமோ, அது பட்டம் ஆகாது. இதற்கு வருமான வரம்பும் இல்லை என்பதால் சிங்கப்பூர்ச் சம்பளம் குறுக்கே நிற்காது. ஒன்று மட்டும்: அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மெண்ட் சீட்டில் போனால் இது கிடையாது. அந்த நண்பர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்துக்குப் போங்கள், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடமும் அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்றும் போகும். ஏப்ரலில் கொடுத்தால் சாவகாசமாக நகரும். ரிசல்ட் வந்த வாரம் கொடுத்தால் தாலுகா முழுக்க அதே விண்ணப்பம் குவிந்திருக்கும், அங்கேதான் பலருக்கும் மாட்டிக்கொள்கிறது. கூடவே ஒரு கூட்டு உறுதிமொழிப் படிவம் உண்டு. மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். தாயார் நீங்களே போடலாம், கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் இணையவழிச் சான்றிதழாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. அப்பா வெளிநாட்டில் இருப்பதும் பாதிக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து மகளின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பத்தாம் வகுப்பில் இருப்பதுதான் அடிப்படை. மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள்.

பேட்டரி படிப்பா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. விடுமுறையில் பட்டறைக்கு வரும் மகள், கண்ணாடி மேல் அச்சை வைத்து நீங்கள் வண்ணச் சிமெண்டை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த சிவப்புக் கல்லில் சில நேரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அது உப்பா சுண்ணாம்பா என்று உங்களைக் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுண்ணாம்புதான். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. அவளிடம் சொல்லுங்கள். இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையை, எதற்கு அந்தப் பெயர் என்றே தெரியாத ஒரு படிப்பில் பணம் கொடுத்துச் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கணினிப் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. பிடித்துப் படிக்கிறவர்களுக்கு நல்ல படிப்பு. ஆனால் உங்கள் மகள் அதைக் கேட்கவில்லை. புதிதாகத் தொடங்கிய பிரிவில் ஆய்வகமும் ஆசிரியர்களும் எப்படி என்றும் யாரும் விசாரிக்கவில்லை. கல்லூரியின் விளம்பரத்தில் அதிகபட்சச் சம்பளம்தான் இருக்கும். கேட்க வேண்டியது வேறு: கடைசி வருடத்தில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கு நேர்காணல் போனார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம். இந்த நான்குக்கும் எண்ணிக்கையில் பதில் வராவிட்டால் அந்த விளம்பரத்தை மறந்துவிடலாம்.

செக்ரியில் இருப்பது வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது, சேர்க்கை பொறியியல் கலந்தாய்வு வழியாகத்தான். 'உள்ளூர்' என்று தயங்கியிருக்கிறீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய தேசிய ஆய்வகம் அது. நாட்டில் மின்வேதியியலுக்கென்று இருக்கும் ஆய்வகம் உங்கள் ஊருக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது. வேறு மாநிலத்துக்காரர்கள் ஆராய்ச்சிக்காக அங்கே வந்து தங்குகிறார்கள்.

பேட்டரி அதில் ஒரு பகுதிதான். உலோகத்துக்கு முலாம் பூசுவது, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பது, அலுமினியம் பிரிப்பது, துருப்பிடிக்காமல் காப்பது எல்லாம் மின்வேதியியல். பாம்பன் பாலத்தில் உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்; கடலோர அரிப்பை ஆராய செக்ரிக்கு மண்டபத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்வண்டி ஆலைகள் வந்துவிட்டன. அவற்றுக்கு பேட்டரி தெரிந்தவர்கள் வேண்டும். பெண்ணுக்கு ஆகுமா என்றால், இந்த வேலைகளில் பெரும்பகுதி ஆய்வகத்திலும் தரக்கட்டுப்பாட்டிலும் வடிவமைப்பிலும் இருக்கிறது. ஆலையில் ஷிப்ட் உள்ள வேலையும் உண்டு. அதை மகளிடம் மறைக்காமல் சொல்லி, அவளையே முடிவு செய்ய விடுங்கள்.

அவளே புரிந்துகொள்ள வேண்டிய குறையும் இருக்கிறது. வேதியியல் பிடிக்கும் என்பதும் வேதிப் பொறியியல் பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. பொறியியலில் இரண்டாம் வருடத்திலிருந்து குழாயில் திரவம் எப்படி ஓடும், வெப்பம் எப்படிக் கடக்கும் என்று கணக்கும் இயற்பியலும்தான் நிறைய வரும். சோதனைக் குழாயை எதிர்பார்த்துப் போய் அங்கே திணறுகிறவர்கள் உண்டு. மேலும், கணினிப் பிரிவுபோல வளாகத்துக்குள் கூட்டமாக நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பது குறைவு. நல்ல இடத்துக்குப் போகிறவர்கள் கேட் தேர்வு எழுதி எம்.டெக் அல்லது ஆராய்ச்சி என்று மேலே போகிறார்கள், அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.

அவளுக்கு எது ஒட்டும் என்று பார்க்க ஒரு எளிய வழி. பரீட்சை முடிந்துவிட்டது, மார்க்குக்காகப் படிக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ வேதியியல் இரண்டாம் தொகுதியில் மின்வேதியியல் பாடத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஃபாரடே விதிக் கணக்கு பத்து, நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக் கணக்கு பத்து. ஒரு வாரம் தானாக உட்கார்ந்து போட்டால் பொறியியல் அவளுக்குச் சரிவரும். கணக்கைத் தள்ளிவிட்டு, துரு ஏன் பிடிக்கிறது என்ற பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தால் பி.எஸ்.சி. வேதியியல் பொருத்தம்.

பி.எஸ்.சி. என்றால் காரைக்குடியிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம், கட்டணம் 50 ரூபாய், ஐந்து கல்லூரி வரை குறிக்கலாம். மூன்று வருடத்தோடு நிறுத்தினால் வேலை வாய்ப்பு மெலிந்ததாகத்தான் இருக்கும், எம்.எஸ்.சி.யும் சேர்த்து ஐந்து வருடம் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பொறியியலுக்குப் போட்டாலும் இந்த விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். உயிரியலும் படித்திருப்பதால் வேளாண்மைப் படிப்புக்கும் அவள் தகுதியானவள், ஆனால் அதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் தனி விண்ணப்பம். ஆசை இருந்தால் மட்டும் போடுங்கள்.

விருப்பப் பட்டியல்: இங்கேதான் சீட் தீர்மானமாகிறது

பதிவு ரிசல்ட்டை ஒட்டித் தொடங்கும். பிற்படுத்தப்பட்டோருக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஒரு விஷயத்தில் மிகவும் கவனம்: பதிவு செய்யும் மொபைல் எண் மகள் கையிலோ உங்கள் கையிலோ இருக்கும் எண்ணாக இருக்கட்டும். அப்பா பெயரில் இருக்கிறதே என்று சிங்கப்பூரில் இருக்கும் எண்ணையோ, பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ கொடுத்துவிடாதீர்கள். ஓ.டி.பி. முழுக்க அதற்குத்தான் வரும். பட்டியலைப் பூட்டும் கடைசி மணி நேரத்தில் ஓ.டி.பி. யாரிடம் வந்தது என்று தேடி ஓட வேண்டியிருக்கும். கடவுச்சொல்லையும் மகளே வைத்துக்கொள்ளட்டும். பிறர் உள்ளே போய் விருப்பத்தை மாற்றிவைத்த சம்பவங்கள் உண்டு.

ஜூன் கடைசியில் தரவரிசை வரும். ஜூலை, ஆகஸ்டில் சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வு. உங்கள் சுற்று வந்ததும் பட்டியல் போட மூன்று நாள்தான் கிடைக்கும், அதனால் இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கல்லூரி எண், பிரிவு, போன வருடம் உங்கள் பிரிவினருக்குக் கடைசியாகக் கிடைத்த கட் ஆப், போய்வரும் வசதி. நான்கே பத்தி. போன வருடக் கட் ஆப் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும்.

பலரும் தடுமாறுவது ஒன்றில். "கிடைக்காததை முதல்ல போட்டா கிடைக்கிறதும் போயிடும்" என்று நினைத்து, கட் ஆப் குறைந்ததை மேலே எழுதுகிறார்கள். கணினி அப்படி வேலை செய்வதில்லை. தரவரிசைப்படி உங்கள் மகளின் முறை வரும்போது அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலாவது காலியாக இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் இரண்டாவதைப் பார்க்கும். மேலே எட்டாத கல்லூரியை எழுதியதால் ஒரு நஷ்டமும் கிடையாது. கீழே உள்ளதை மேலே எழுதினால்தான் நஷ்டம்; அது கிடைத்துவிடும், அதோடு நின்றுவிடும். எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. ஐம்பது எழுதுங்கள். ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டோம் என்பதை ஒன்றுகூட எழுதாதீர்கள்.

உங்கள் மகளின் ஆசையை வைத்துப் பார்த்தால் பட்டியலின் தலையில் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் செராமிக் தொழில்நுட்பத்தை எழுதச் சொல்வேன். ஓடு, பீங்கான், கண்ணாடி எல்லாம் அந்தப் படிப்புதான். அதுவும் நம் செட்டியார் கொடுத்த நன்கொடையில் பிறந்த கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அடுத்து அங்கேயே வேதிப் பொறியியல். பிறகு செக்ரி. பிறகு காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில். சிமெண்டும் கான்கிரீட்டும் அங்கே பாடம், 1952-இல் தொடங்கிய கல்லூரி, அரசுக் கட்டணம். அதற்குக் கீழே மதுரை, திருச்சிப் பக்கம் போய்வரக்கூடியவை. வரிசை அவளுடையதாக இருக்கட்டும், நான் சொன்னது ஒரு மாதிரிப் பட்டியல்தான்.

ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் சீட் போய்விடும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுச் சேர்வது. கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம் என்றால் ஏற்று மேல்நகர்வு. "மேல்நகர்வு கேட்டா கையில இருக்கிறதும் போயிடுமாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. மேலே இடம் காலியானால் அங்கே போவாள், ஆகாவிட்டால் பழைய சீட் அப்படியே இருக்கும். ஆனால் மேலே நகர்ந்த பிறகு பழையதைத் திரும்பக் கேட்க முடியாது. ஏற்று மேல்நகர்வு கேட்டவர்கள் கட்டணத்தைச் சொன்ன நாளுக்குள் உதவி மையத்தில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை ஜூலைக்கு எடுத்து வையுங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் பாடம் புரியும், வார்த்தைதான் புரியாது. பாடநூல் இரண்டு மொழியிலும் அரசு இணையதளத்தில் பி.டி.எப்.ஆக இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில வழிக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் இறக்கி, தான் படித்த அதே பாடத்தை இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். நாளைக்கு ஒரு மணி நேரம். மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் போதும்.

அவள் அப்பாவிடம்

"என் உடம்பு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்கணும்" என்று அவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லாமல் செக்ரியையும் செராமிக்கையும் பேசினால் அவர் காதில் ஏறாது. பணத்திலிருந்து தொடங்குங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்கு டொனேஷன் ஒன்றரை லட்சம், நான்கு வருடக் கட்டணம் எட்டு லட்சம். விடுதி இல்லாமலே ஒன்பதரை லட்சம். அதற்கு வங்கிக் கடனும் லேசில் கிடைக்காது, மேனேஜ்மெண்ட் சீட் என்றாலே வங்கியில் இழுப்பார்கள். காரைக்குடியில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, விடுதி வேண்டாம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சென்னை கிடைத்து விடுதிச் செலவு வந்தாலும் நான்கு லட்சம் வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கல்விக் கடன் தருகிறார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். அவர் வெயிலில் நின்று சம்பாதித்த ஒன்பது லட்சத்தை மிச்சம் பிடிக்கிற வழி இது என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு போனை மகளிடம் கொடுங்கள். சிவப்புக் கல்லில் வெள்ளையாகப் பூத்ததற்குக் காரணத்தை அப்பாவுக்கு அவளே சொல்லட்டும். கட்டட வேலை செய்கிறவருக்கு அது என்ன என்று உடனே புரியும், அவர் பூசிய சுவரிலும் அது பூத்திருக்கும்.